வலி இல்லை என்பதால் எலும்பு கூடிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்: எலும்பு முறிவு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் எலும்பு முறிவுப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் மாவுக்கட்டு போட்டும் பிளேட் வைத்தும் அனுப்புகிற நோயாளிகளை அதற்கப்புறம் நடக்க வைக்கும் வேலை என்னுடையது. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். உங்கள் அறுவை சிகிச்சையின் நேர்த்தியை எக்ஸ்ரேயில் பார்த்து வியந்த நாட்கள் நிறைய உண்டு. சுக்குநூறான கணுக்காலை மறுபடி கணுக்காலாக்கித் தருகிறீர்கள். அந்த மரியாதையோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்குக் காலிலோ பாதத்திலோ எலும்பு முறிந்தால், அந்தக் காலில் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால், அவரை மற்றவர்களுக்குப் போட்ட கணக்கிலேயே நடக்க விடாதீர்கள்.

கேஸ் ஷீட்டில் இப்போதும் ஒரு வரி இருக்கிறது: முறிவுக்குக் கீழே நரம்புக் குறைபாடு இல்லை, ரத்த ஓட்டக் குறைபாடு இல்லை. விரலை அசைக்கச் சொல்கிறீர்கள், தொட்டால் தெரிகிறதா என்று கேட்கிறீர்கள், நாடி பார்க்கிறீர்கள். விபத்தில் நரம்பு அறுந்ததா, ரத்தக்குழாய் நசுங்கியதா என்று கண்டுபிடிக்க அது போதும். பலருடைய காலைக் காப்பாற்றியிருக்கும் பரிசோதனை அது. ஆனால் பத்துப் பதினைந்து வருடச் சர்க்கரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோன உணர்ச்சியை அந்தத் தொடுதல் காட்டாது. அவர் விரலை நன்றாக அசைப்பார். தொட்டால் “தெரியுது டாக்டர்” என்றுதான் சொல்வார். அதே உள்ளங்காலில் பத்து கிராம் மோனோஃபிலமென்ட்டை, அதாவது பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை, வைத்து வளையும் வரை அழுத்தினால் அவருக்கு ஒன்றுமே தெரியாது.

இது ஏன் முக்கியம் என்றால், எலும்பு முறிவுக்குப் பிறகு நாம் எடுக்கிற முடிவுகளில் பாதி, நோயாளியின் வலியை வைத்தே எடுக்கப்படுகின்றன. முறிந்த இடத்தை அழுத்திப் பார்க்கிறீர்கள். வலிக்கவில்லை என்றால் எலும்பு கூடுவதற்கான அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். ஊன்றும்போது வலி இல்லையா, சரி, அடுத்த கட்டத்துக்குப் போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் “தாங்கும் அளவுக்குக் காலை ஊன்றலாம்” என்று எழுதித் தருகிறீர்கள். அதைப் படித்துவிட்டு நானும் நோயாளியிடம் “வலிச்சா நிறுத்திடுங்க” என்கிறேன். “வலி ஜாஸ்தியானா உடனே வாங்க” என்று இரண்டு பேருமே சொல்லி அனுப்புகிறோம். எவ்வளவு எடை, எப்போது கட்டைப் பிரிப்பது, எப்போது திரும்பி வருவது என்று எல்லாவற்றையும் வலிதான் தீர்மானிக்கிறது. வலியே தெரியாத காலுக்கும் இதே வாசகங்களைத்தான் எழுதுகிறோம்.

இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா என்னிடம் வந்தார். கணுக்கால் உடைந்து பிளேட் வைத்திருந்தார்கள். ஆறு வாரத்தில் வலி சுத்தமாக இல்லை என்றார், கடையைத் திறந்துவிட்டார். அடுப்புக்கும் வாசலுக்கும் நாள் முழுக்க நடை. வீங்கியிருக்கிறது, செருப்பு சேரவில்லை என்று சொல்லித்தான் என்னிடம் வந்தாரே தவிர, வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. தொட்டுப் பார்த்தால் அந்தக் கால் மற்றக் காலைவிட நன்றாகச் சுட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் திருகுகள் தளர்ந்து, மூட்டு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தார். அந்த அக்காவும் சொன்னபடியே நடந்துகொண்டார்: தாங்கும் அளவுக்கு ஊன்றச் சொன்னார்கள், அவருக்கு எல்லாமே தாங்கியது.

இதுவரை சொன்னது உங்களுக்குத் தெரியாதது அல்ல. சர்க்கரை நோயாளிக்குக் கட்டை அதிக நாள் வைக்க வேண்டும் என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு எலும்பு ஏன் சரியாகக் கூடுவதில்லை என்ற கேள்விக்கு நாம் சொல்லிப் பழகிய பதில் பாதிதான்: வலி தெரியாது, அதனால் அதிகமாக ஊன்றிக் கெடுத்துக்கொள்வார்கள் என்பது. மீதிப் பாதி, கடந்த பத்துப் பன்னிரண்டு வருட ஆராய்ச்சியில் தெளிவாகிக்கொண்டு வருகிறது. உணர்வு நரம்பு வலியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. எலும்பு கூடும் வேலையிலேயே அதற்குப் பங்கு இருக்கிறது.

எலும்பில் நரம்பு ஏராளமாக இருக்கிறது. அதிலும் எலும்பை மேலே போர்த்தியிருக்கும் சவ்வில், அதாவது பெரியாஸ்டியத்தில், மிக நெருக்கமாக இருக்கிறது. எலியின் தொடை எலும்பில் அளந்து பார்த்தவர்கள் 2002-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஒரே பரப்பில் சவ்வில் நூறு நரம்பு இழை என்றால், மஜ்ஜையில் இரண்டு, கெட்டியான எலும்பில் ஒரு இழையின் பத்தில் ஒரு பங்கு. முறிவு கூடும்போது புது எலும்பு முளைக்கத் தொடங்குவதும் பெருமளவு இந்தச் சவ்விலிருந்துதான். அந்த இழைகளில் பெரும்பாலானவற்றின் மேல் ட்ராக்-ஏ என்ற ஏற்பி இருக்கிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று நாம் படித்திருக்கும் என்.ஜி.எஃப். புரதம் வந்து ஒட்டுகிற இடம் அது. ரீட்டா லெவி மொந்தால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்ததே, இந்தப் புரதம் உட்பட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான்.

1993-லேயே ஹுக்கானனும் சகாக்களும் எலியின் உடைந்த கால் எலும்பில் ஒன்றைக் கவனித்தார்கள். முறிவைச் சுற்றி உருவாகும் புதுத் திசுவுக்குள் உணர்வு நரம்பின் இழைகள் முளைத்து நுழைந்திருந்தன. அவை எதற்காக வருகின்றன என்பது அப்போது தெளிவாகவில்லை. நரம்பை வெட்டிவிட்டு எலும்பை உடைத்துப் பார்த்த பழைய சோதனைகளில் முடிவு விசித்திரமாக இருந்தது: புதுத் திசு பெரிதாக வளர்ந்தது, ஆனால் வலு குறைவாக இருந்தது. அந்தச் சோதனைகளில் ஒரு சிக்கலும் உண்டு. இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் சியாட்டிக் நரம்பை வெட்டினால் உணர்ச்சியோடு தசையின் அசைவும் போய்விடும். எலும்பு கெட்டது உணர்ச்சி இல்லாததாலா, கால் அசையாததாலா என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை. 2009-இல் வேறொரு குழு, மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினைக் கொடுத்து உணர்வு நரம்புகளில் ஒரு வகையை மட்டும் அழித்துவிட்டுத் தொடை எலும்பை உடைத்துப் பார்த்தது. தசை நன்றாகவே இருந்தது. அப்போதும் அதே கதைதான்: திசு பெரிது, வலு குறைவு.

எக்ஸ்ரேயில் பெரிதாகத் தெரிகிற புது எலும்பைப் பார்த்து நிம்மதி அடைகிற நம் எல்லோரையும் யோசிக்க வைக்க வேண்டிய முடிவு இது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிளெமென்ஸ், ஏரன் ஜேம்ஸ் ஆகியோரின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. ஒரு குறிப்பிட்ட மருந்து உடலுக்குள் போனால் மட்டும் ட்ராக்-ஏ செயலிழக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். நரம்பை வெட்டவில்லை, தசையைத் தொடவில்லை; எலி வழக்கம்போல நடமாடுகிறது. முன்னங்கை எலும்பில் திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்து மெல்லிய விரிசல் உண்டாக்கினார்கள். உடைந்த இடத்தில் முதலில் என்.ஜி.எஃப். பெருகியது. அதைச் சுரந்தவை சவ்வில் இருக்கும் செல்களும், அழற்சிக்காக அங்கே வந்து சேர்ந்த செல்களும். அந்த அழைப்பைக் கேட்டு உணர்வு நரம்பு முளைத்து வந்தது. அதற்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் வந்தன. அப்புறம் எலும்பு கெட்டிப்பட்டது. மருந்து கொடுத்து ட்ராக்-ஏயை அணைத்த எலிகளில் நரம்பு முளைப்பது குறைந்தது, ரத்தக்குழாய்களும் குறைந்தன, எலும்பு கெட்டிப்படுவது தாமதமானது.

ரத்த ஓட்டம் இல்லாமல் எலும்பு கூடுவதில்லை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த ரத்தக்குழாய்கள் வருவதற்கு முன்பே நரம்பு அங்கே வந்து நிற்கிறது என்பதை இதுவரை நாம் யாரும் நோயாளியின் சிகிச்சைத் திட்டத்தில் சேர்த்ததில்லை.

நரம்பு முனை அங்கே என்ன செய்கிறது என்பதற்கும் விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. சி.ஜி.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும், 37 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதத்தை அது வெளிவிடுகிறது. ரத்தக்குழாயை விரிக்கும் சமாச்சாரம் என்று தலைவலி மருத்துவத்தில் அதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் லிங் சின் குழு 2016-இல் எலிகளின் உடைந்த தொடை எலும்புக்குள் மெக்னீசியம் கலந்த கம்பியை வைத்துப் பார்த்தது. மெக்னீசியம் கரையக் கரைய, அருகிலுள்ள உணர்வு நரம்பு முனைகளில் சி.ஜி.ஆர்.பி. கூடியது; அது சவ்விலிருக்கும் தண்டு செல்களை எலும்பு செல்களாக மாறத் தூண்டியது. 2020-இல் இன்னொரு குழு, சி.ஜி.ஆர்.பி.யின் ஆல்ஃபா வகையை உருவாக்க முடியாத சுண்டெலிகளில் எலும்பு சரியாகக் கூடவில்லை என்று காட்டியது. நீங்கள் கையில் எடுக்கும் கம்பிகூட நரம்பின் வழியாக வேலை செய்ய முடியும் என்றால், நரம்பே இல்லாத காலில் அதே கம்பியிடமிருந்து அதே பலனை எதிர்பார்க்க முடியுமா?

எலியில் நடப்பதெல்லாம் மனிதனில் நடக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் ட்ராக்-ஏ இல்லாமலே பிறக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே வலி தெரியாமல், வியர்க்கவும் செய்யாமல் இருக்கும் அபூர்வமான நோய் ஒன்று உண்டு. ட்ராக்-ஏயை உருவாக்கும் மரபணுவில் உள்ள பிழைதான் அதற்குக் காரணம் என்று ஜப்பானைச் சேர்ந்த இந்தோவும் சகாக்களும் 1996-இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு எலும்பு திரும்பத் திரும்ப உடைகிறது, கூடுவதற்குத் தாமதமாகிறது, மூட்டுகள் சிதைகின்றன. வலி தெரியாமல் ஓடி விழுவது ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. அது மட்டுமே காரணம் என்று சொல்ல இப்போது முடியாது.

நம் ஊர் நோயாளிக்கு வருகிறேன். 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. உங்கள் ஓ.பி. வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அவர்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் எலும்பு கூடுவதற்கு, வழக்கமாக எதிர்பார்க்கும் காலத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிறது என்று லோடர் என்ற ஆய்வாளர் 1988-லேயே எழுதினார். பாதத்திலும் கணுக்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்து ஷிபுயாவும் சகாக்களும் 2013-இல் வெளியிட்டது இன்னும் முக்கியம். ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கு எலும்பு கூடுவதில் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. எதனால் என்று கணக்குப் போட்டார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 7 சதவீதத்தைத் தாண்டியதும் ஒரு காரணமாக வந்தது, அறுவை சிகிச்சை நீண்டதும் வந்தது. எல்லாவற்றையும்விட வலுவான தொடர்பு, நரம்புப் பாதிப்புக்குத்தான் இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் ஒவ்வொரு நோயாளிக்கும் சர்க்கரை அளவைப் பார்க்கிறோம். அதிகம் இருந்தால் தேதியைத் தள்ளிவைக்கவும் தயங்குவதில்லை. அதைவிட வலுவான எச்சரிக்கையைத் தரும் நரம்பை யாரும் பார்ப்பதில்லை. ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம், ஒரு நைலான் இழை போதும்.

அந்த இழையின் கதையில் வேலூர் இருக்கிறது என்பதால் இதை இன்னும் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதாக அப்போது உலகமே நம்பியது. வலி தெரியாததால் ஏற்படும் காயங்களும், காயத்தோடு தொடர்ந்து வேலை செய்வதும்தான் விரலைத் தின்கின்றன என்று அவர் நிறுவினார். புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு ஓய்வு கொடுத்தால், தொழுநோயாளியின் புண்ணும் மற்றவர்களுடையதைப் போலவே ஆறுகிறது என்று காட்டினார். பின்னால் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன அவர், பாதத்தை முழுக்க ஒட்டிப் பிடிக்கும் அந்த மாவுக்கட்டு முறையையும் கொண்டுபோனார். கார்வில்லில் பணியாற்றிய பிர்க்கியும் சிம்ஸும்தான், பத்து கிராம் இழை உள்ளங்காலில் தெரியவில்லை என்றால் பாதுகாப்பான உணர்ச்சி போய்விட்டது என்ற அளவுகோலை 1986-இல் எழுதினார்கள். இன்று உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் வைக்கப்படும் இழை அது.

பிராண்ட் சொன்னதும் இன்றைய ஆய்வுகள் சொல்வதும் மோதுகிற மாதிரித் தோன்றும். உணர்ச்சி இல்லாத கையும் ஆறும் என்றார் அவர். உணர்வு நரம்பு இல்லாவிட்டால் எலும்பு தாமதமாகிறது என்கிறார்கள் இவர்கள். என் பார்வையில் இரண்டுக்கும் இடம் உண்டு. பிராண்ட் உடைத்தது, தொழுநோயாளியின் சதையே கெட்ட சதை, அது எப்படியும் ஆறாது என்ற கைகழுவலை. அவர் அதை உடைத்திருக்காவிட்டால் எத்தனை கைகளை வெட்டி எறிந்திருப்பார்களோ. நரம்பு இல்லாத எலும்பும் கூடுகிறது என்பதை எலிச் சோதனைகளும் மறுக்கவில்லை. கூடுவதற்கு நேரம் அதிகம் பிடிக்கிறது, கூடினாலும் வலு குறைகிறது, அதுவரை காவல் அதிகம் வேண்டியிருக்கிறது. உணர்ச்சி இல்லாத காலைக் கைவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு நேர் எதிரானதைத்தான் கேட்கிறேன்.

எதிர்ச் சான்றுகளையும் மறைக்கக் கூடாது. என்.ஜி.எஃப். புரதத்தின் வேலையைத் தடுத்தால் முறிவின் வலி குறைகிறது, எலும்பு கூடுவது கெடவில்லை என்று 2007-லும் 2015-லும் வெளிவந்த எலி ஆய்வுகள் சொல்கின்றன. தடுப்பு எவ்வளவு ஆழம் போகிறது, எந்த எலும்பு, எந்த வகை முறிவு என்பதைப் பொறுத்து முடிவு மாறுவதாக நான் புரிந்துகொள்கிறேன். அதே வழியில் வேலை செய்யும் டனேசுமாப் என்ற மருந்தை மூட்டு வலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனைகளை நிறுத்திவைத்தது. 2021 மார்ச்சில் அதன் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்ற கணக்கில் மருந்துக்கு எதிராக வாக்களித்தது. அதோடு அந்த மருந்து கைவிடப்பட்டது. வலியை அணைப்பதற்கு மூட்டு என்ன விலை கொடுக்கிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. சர்க்கரை நோயாளியின் நரம்பு ஒரு ஊசியால் சில வாரம் அணைந்திருப்பதில்லை. வருடக்கணக்கில் அணைந்து கிடக்கிறது.

வலி மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பு உருவாக்கும் செல்கள் சுரக்கும் பி.ஜி.இ.2 என்ற பொருளை உணர்வு நரம்பு உணர்ந்து, அதற்கேற்ப எலும்பின் அளவைப் பராமரிக்கிறது என்று சூ சாவ் குழு 2019-இல் சுண்டெலிகளில் காட்டியது. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் குறைப்பது அந்த பி.ஜி.இ.2-வைத்தான். மனிதர்களின் முறிவில் இந்த மாத்திரைகளால் கெடுதல் உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதனால் நிறுத்தச் சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு என்று சீட்டில் தெளிவாக எழுதுங்கள் என்கிறேன். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். சர்க்கரை நோயாளி எலும்பு முறிவோடு சேர்ந்தால், அடிபடாத காலில் மோனோஃபிலமென்ட் வைத்துப் பாருங்கள். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி வருவதால், கட்டு போட்ட காலைத் தொடாமலே விஷயம் தெரிந்துவிடும். இசைக்கவையை அதிரவிட்டுப் பெருவிரலில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. முடிவை “உணர்ச்சி குறைவு” என்று டிஸ்சார்ஜ் சீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு சொற்களைப் பார்த்தால் நான் “வலிச்சா நிறுத்திடுங்க” என்று சொல்ல மாட்டேன். எந்த வாரம், எத்தனை கிலோ, வாக்கரோடா இல்லாமலா என்று எடை இயந்திரத்தில் ஊன்ற வைத்துக் கற்றுத் தருவேன்.

உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, கட்டைப் பிரிப்பதையும் ஊன்றச் சொல்வதையும் எக்ஸ்ரே பார்த்து முடிவு செய்யுங்கள். அழுத்தினால் வலிக்கவில்லை என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கட்டும் ஓய்வும் வழக்கத்தைவிட இரு மடங்கு காலம் என்று நீங்களே படித்ததை, நோயாளி கடை திறக்க வேண்டும் என்று கெஞ்சும்போதும் விட்டுக்கொடுக்காதீர்கள். கெஞ்சலுக்குப் பின்னால் வயிற்றுப்பாடு இருக்கிறது, அது எனக்கும் தெரியும். ஏன் இவ்வளவு நாள் என்பதைச் சொல்லிப் புரியவைத்தால் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். “உங்க கால்ல நரம்பு சரியா வேலை செய்யல, அதனால எலும்பு மெதுவாத்தான் கூடும், வலி இல்லைங்கறத நம்பாதீங்க” என்று ஒரு மருத்துவர் வாயால் கேட்பதற்கு இருக்கும் மதிப்பு, நாங்கள் நூறு முறை சொன்னாலும் வராது.

அடுத்தது, சிவந்து சூடான பாதம். நாள்பட்ட சர்க்கரை நோயாளி, காயம் எதுவும் இல்லை, பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது என்றால், கிருமித்தொற்று என்றோ சுளுக்கு என்றோ எழுதி ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பும் முன், உணர்ச்சி இழந்த பாதத்தின் எலும்பும் மூட்டும் சிதையும் ஷார்க்கோ பாதமாக இருக்குமோ என்று ஒரு தடவை யோசியுங்கள். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். மற்றப் பாதத்தைவிட இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். அந்தப் பாதம் தரையில் படக் கூடாது. ஷார்க்கோ 1868-இல் இதை விவரித்தபோது சிபிலிஸ் முற்றிய நோயாளிகளிடம் பார்த்தார். இன்று நாம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. விபத்தில் கால் நசுங்கி, உள்ளங்காலில் உணர்ச்சி இல்லாமல் வரும் இளைஞரை இந்த மடலில் சொன்னவற்றோடு சேர்த்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட கால்களை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், காலை எடுக்காமல் காப்பாற்றியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பியிருந்தது. அடிபட்ட அன்று உணர்ச்சி இல்லை என்பது காலை எடுப்பதற்கான காரணம் ஆகாது. நான் பேசுவது விபத்துக்கு முன்பே நரம்பு போயிருந்தவர்களைப் பற்றி.

துறைத் தலைவர்களாக இருப்பவர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். எம்.எஸ். எலும்பு மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அவர்களில் சிலரையாவது இந்தக் கேள்விக்குத் திருப்பிவிடுங்கள்: சேர்ந்த அன்றே உணர்ச்சியை அளந்து, எலும்பு கூடும் வரை தொடர்ந்து பார்த்தால், நம் மக்களில் இரண்டுக்கும் என்ன தொடர்பு இருக்கிறது? பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லாத கேள்வி இது. சர்க்கரை நோயாளிகள், தொழுநோயாளிகளைப் பார்த்துப் பழகிய அனுபவம், கணுக்கால் முறிவுகள் எல்லாம் ஒரே மாநிலத்தில் இவ்வளவு இருக்கும்போது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சுண்டெலிகளை மட்டும் வைத்து நாம் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதற்கான கட்டமைப்பும் ஓரளவு இங்கே இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் ஆக்கியது. அதே ஆண்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையையும் பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிக்க ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டமும் வந்திருக்கிறது. பாதத்தைப் பார்த்தவர் எழுதியது, எலும்பு உடைந்து சேரும்போது உங்கள் மேசைக்கு வருவதில்லை. நீங்கள் எழுதியது, வீட்டுக்குப் போகும் பிசியோதெரபிஸ்ட்டின் கைக்குப் போவதில்லை. “உணர்ச்சி குறைவு” என்ற குறிப்பு நோயாளியின் கையேட்டில் இருந்தால் மூன்று இடத்திலும் அது படிக்கப்படும்.

வார்டில் நேரம் இல்லை என்பது உண்மை. திங்கட்கிழமை காலை எலும்பு முறிவு ஓ.பி.யின் கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க முடியாது. அதனால் இழை வைத்துப் பார்க்கும் வேலையை எங்களிடம் விடுங்கள். ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். எந்தப் பிசியோதெரபிஸ்ட்டும் இதற்கு மறுக்கமாட்டார். மாவுக்கட்டு அறையிலேயே நின்று பார்த்து எழுதித் தருகிறோம். கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். கட்டைப் பிரிக்கும் தேதியைக் குறிக்கும் முன் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளுக்கு நடை பழக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்